வேட்பாளரின் கடந்த காலமும் வாக்காளரின் ஆர்வமும்

ஜனாதிபதித் தேர்தல் அறிவிக்கப்பட்டதும் வேட்பாளர்கள் தத்தமது விஞ்ஞாபனங்களை வெளியிடுகின்றனர். அவை யாவும் எதிர்காலத்தைப் பற்றியே பேசுகின்றன. ஆனால், தேநீர்க் கடைகளிலும் கோயில் வீதிகளிலும் பள்ளிவாசல் முற்றங்களிலும் எம் மக்கள் கேட்கும் கேள்வி வேறானது. "இவர் அன்று எங்கே நின்றவர்?" என்பதே அது. அக்கேள்விக்குக் கிடைக்கும் விடையே வாக்களிப்பு நாளன்று வாக்காளர் அதிகாலையில் எழுந்து வரிசையில் நிற்பாரா, மதியத்தில் மனமின்றிச் செல்வாரா, வீட்டிலேயே இருந்துவிடுவாரா என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. 1982ஆம் ஆண்டு தொடக்கம் 2024ஆம் ஆண்டு வரை இந்நாட்டில் நடைபெற்றுள்ள ஒன்பது ஜனாதிபதித் தேர்தல்களையும் திரும்பிப் பார்க்கும் எவருக்கும் இவ்வுண்மை புலப்படும்.

பாராளுமன்றத் தேர்தலில் தமிழ் வாக்காளரும் முஸ்லிம் வாக்காளரும் தமது பிரதிநிதியைத் தாமே தெரிவு செய்ய முடியும். உள்ளூராட்சித் தேர்தலிலும் அவ்வாறே. ஜனாதிபதித் தேர்தலிலோ முழு நாடும் ஒரே தொகுதியாகிவிடுகிறது. அதில் வெல்லக்கூடியவர் எவரும் எம்மவராக இருப்பதில்லை. தென்னிலங்கையின் பிரதான வேட்பாளர்கள் இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் நிலையே எமக்கு எப்போதும் இருந்து வந்துள்ளது. அவ்விருவரும் ஏதோவொரு காலத்தில் ஏதோவொரு அரசாங்கத்தில் அங்கம் வகித்தவர்களாகவோ, அவ்வாறானவர்களின் வாரிசுகளாகவோ இருப்பர். ஆகவே, அவர்களது வாக்குறுதிகளிலும் பார்க்க அவர்களது முன்வரலாறே எம் மக்களுக்கு நம்பகமான அளவுகோலாகத் தென்படுவதில் வியப்பேதுமில்லை.

எனினும், இவ்வளவுகோலை எம் மக்கள் எப்போதும் ஒரே விதமாகப் பிரயோகித்ததில்லை. எந்தப் பழியை மறந்தனர், எதனை மன்னித்தனர், எதனை மன்னிக்க மறுத்தனர் என்பதை ஆராய்வது பயனுள்ளதாகும்.

1982 ஒக்டோபரில் நடைபெற்ற முதலாவது ஜனாதிபதித் தேர்தலை எடுத்துக்கொள்வோம். அதற்கு முந்திய ஆண்டிலேயே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டிருந்தது. அப்பழி அன்றைய ஆட்சியாளரான ஜே.ஆர். ஜயவர்தனவின் ஐக்கிய தேசியக் கட்சியைச் சார்ந்திருந்தது. எதிர்த்துப் போட்டியிட்ட ஹெக்டர் கொப்பேகடுவவின் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியோ 1972ஆம் ஆண்டின் குடியரசு அரசியலமைப்பையும் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலையும் கொண்டுவந்த கட்சி. கட்சியின் வரலாற்றை மட்டும் பார்த்திருந்தால் யாழ்ப்பாணத்தில் அவருக்கு வாக்குகள் கிடைத்திருக்கக்கூடாது. ஆயினும், அவருக்குச் சுமார் 77 ஆயிரம் வாக்குகள் கிடைத்தன. அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸின் குமார் பொன்னம்பலத்துக்குச் சுமார் 87 ஆயிரமும் ஜயவர்தனவுக்குச் சுமார் 45 ஆயிரமும் கிடைத்தன. கொப்பேகடுவ 1970 தொடக்கம் 1977 வரை விவசாய அமைச்சராக இருந்தவர். அக்காலத்து இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் குடாநாட்டின் மிளகாய், வெங்காயச் செய்கையாளர்கள் நல்ல விலை கண்டனர். தரப்படுத்தலால் மனம் வெந்த அதே குடும்பங்களில் தோட்டக் காணியால் நிமிர்ந்தவர்களும் இருந்தனர் என்பதை அவ்வாக்குகள் காட்டின. அதேவேளை, மாவட்டத்தின் வாக்காளரில் பாதிப்பேர் கூட அன்று வாக்களிக்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. தமிழர் விடுதலைக் கூட்டணி தேர்தலில் இருந்து ஒதுங்கி நின்றமையும் அதற்குக் காரணமாகும்.

மலையகத்திலும் இத்தகைய முரண்பாட்டைக் காணலாம். தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையை 1948இல் பறித்தது ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கமே. எனினும், 1982இல் நுவரெலியா மாவட்டத்தில் ஜயவர்தனவே பெரும்பான்மை வாக்குகளைப் பெற்றார். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் சௌ. தொண்டமான் அவரது அமைச்சரவையில் இடம்பெற்றிருந்தமை ஒரு காரணம். 1970களில் தோட்டங்களை வாட்டிய பசியும் பட்டினியும் மற்றைய காரணம். பழைய காயத்தைப் புதிய காயம் மறைத்துவிட்டது. வாக்காளர் தமது நினைவில் எது அண்மையில் வலித்ததோ அதனையே முதலில் எடைபோடுகின்றனர் எனலாம்.

முஸ்லிம் மக்கள் 1988இல் எதிர்கொண்ட நிலைமை வேறு விதமானது. 1987ஆம் ஆண்டின் இலங்கை - இந்திய ஒப்பந்தத்தின் மூலம், தம்மிடம் எதுவும் கேளாமலேயே வடக்கும் கிழக்கும் இணைக்கப்பட்டுவிட்டன என்ற மனக்குறை கிழக்கு முஸ்லிம்களிடையே ஆழமாக வேரூன்றியிருந்தது. அந்த ஒப்பந்தத்தைச் செய்த அரசாங்கத்தின் பிரதமரே அவ்வாண்டு ஜனாதிபதி வேட்பாளரான ரணசிங்க பிரேமதாச. ஆயினும், ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் ஸ்தாபகத் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப் அவருக்கு ஆதரவளிக்க முன்வந்தார். அதற்குப் பிரதியாக, மாவட்டமொன்றில் ஆசனம் பெறுவதற்கு ஒரு கட்சி தாண்டவேண்டிய வெட்டுப்புள்ளி 12.5 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அரசியலமைப்பின் 15ஆவது திருத்தம் வாக்களிப்புக்குச் சற்று முன்னரே சட்டமாகியது. பழைய பழியை மறக்கும்படி மக்களிடம் கோராமல், அதற்கு ஈடாக ஒன்றைச் சட்டப் புத்தகத்திலேயே பெற்றுக்கொண்ட அரிய சந்தர்ப்பம் அது. இன்றுவரை சிறிய கட்சிகள் பாராளுமன்றத்தில் ஆசனம் பெறுவதற்கு அத்திருத்தமே துணை நிற்கிறது.

1994இல் சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க பெற்ற 62.28 சதவீத வாக்குகளை இதுவரை எந்த வேட்பாளரும் எட்டவில்லை. தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்த தந்தையும், குடியரசு அரசியலமைப்பைக் கொண்டுவந்த தாயும் அவரது பரம்பரைச் சொத்து. ஆனால், அவர் தாமாகச் சேர்த்த பழி எதுவும் அன்று இருக்கவில்லை. சமாதானத்தைப் பற்றித் துணிந்து பேசியவர் என்பதே அவரது அடையாளமாக இருந்தது. தமிழ், முஸ்லிம் மக்கள் உற்சாகத்துடன் அவருக்கு வாக்களித்தனர். ஐந்தாண்டுகளின் பின்னர் அவருக்கும் ஒரு கடந்த காலம் ஏற்பட்டுவிட்டது. 1995இல் யாழ்ப்பாண மக்கள் ஒட்டுமொத்தமாக இடம்பெயர நேர்ந்த போர் அவரது ஆட்சியிலேயே நடைபெற்றது. 1999இல் வன்னி, மட்டக்களப்பு மாவட்டங்களில் ரணில் விக்கிரமசிங்கவே முந்தினார். பெற்றோரின் கடனை மன்னிக்கத் தயாராக இருந்த மக்கள், அவர் தாமே பட்ட கடனை மன்னிக்கவில்லை.

இனி 2005 நவம்பருக்கு வருவோம். அத்தேர்தலில் மஹிந்த ராஜபக்ஷ, ஜே.வி.பி.யுடனும் ஜாதிக ஹெல உறுமயவுடனும் உடன்படிக்கை செய்துகொண்டு களமிறங்கினார். ரணில் விக்கிரமசிங்க 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்த உடன்படிக்கையில் கைச்சாத்திட்டவர். சாதாரண தமிழ் வாக்காளரின் பார்வையில் இவ்விருவருக்கும் வேறுபாடு இருந்தது. ஆனால், சமாதானப் பேச்சு என்பது ஒரு பொறி என்றும், கிழக்கில் 2004இல் ஏற்பட்ட பிளவுக்கு ஐக்கிய தேசியக் கட்சியும் பொறுப்பு என்றும் விடுதலைப் புலிகள் தரப்பில் கருதப்பட்டது. அக்கட்சியின் முக்கியஸ்தர்கள் சிலரே அப்பிளவுக்குத் தேர்தல் காலத்தில் உரிமை கோரியமை எரிகின்ற நெருப்பில் எண்ணெய் வார்த்தது. இருவரும் ஒன்றே என்ற நிலைப்பாடு எடுக்கப்பட்டது. யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் 1.21 சதவீதத்தினர் மாத்திரமே. நாடளாவிய ரீதியில் வெற்றியைத் தீர்மானித்த வித்தியாசமோ ஒரு இலட்சத்து 80 ஆயிரத்து 786 வாக்குகள்.

அன்று வீட்டில் இருந்த ஒவ்வொருவரும் ஆர்வமின்மையால் இருந்தனர் எனக் கூறுவது நியாயமாகாது. வாக்களிக்க விரும்பியவர்களும் அச்சத்தினால் செல்லவில்லை. ஆயினும், வாக்களிக்காமல் இருப்பது நடுநிலை அன்று என்ற பாடத்தை அத்தேர்தல் மிகக் கடுமையான விலைக்குக் கற்றுத் தந்தது. வராத வாக்குகளும் எண்ணப்படுகின்றன. அவற்றின் பெறுபேறு வேறொருவரின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

2010 ஜனவரித் தேர்தல் இவ்வாய்வின் மையப் புள்ளியாகும். போர் முடிந்து எட்டு மாதங்களே ஆகியிருந்தன. ஒரு பக்கம் போருக்கு அரசியல் தலைமை வழங்கிய ஜனாதிபதி. மறுபக்கம் அதே போரைக் களத்தில் நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகா. உறவுகளைப் புதைக்கவும் வழியின்றி முகாம்களில் இருந்த மக்களிடம் இவ்விருவரில் ஒருவரைத் தெரிவு செய்யும்படி கேட்கப்பட்டது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பொன்சேகாவை ஆதரித்தது. யாழ்ப்பாணத்தில் வாக்களித்தோரில் சுமார் 64 சதவீதத்தினர் அவருக்கே வாக்களித்தனர். ஆனால், அங்கு வாக்களிக்கச் சென்றவர்கள் 25.66 சதவீதத்தினர் மட்டுமே. அதாவது ஒரு இலட்சத்து 85 ஆயிரம் பேர். வன்னியில் அது சுமார் 40 சதவீதம். நாடு முழுவதுமோ 74.5 சதவீதம்.

இதனை முற்றுமுழுதாக மனச்சலிப்பின் அளவாகக் கொள்வதும் தவறு. இடப்பெயர்வு, போக்குவரத்து வசதியின்மை, வெளிநாடு சென்றோரின் பெயர்கள் நீக்கப்படாத பழைய வாக்காளர் இடாப்பு ஆகியனவும் காரணங்களாக இருந்தன. இடாப்பு திருத்தப்பட்ட பின்னர் யாழ்ப்பாண மாவட்டத்தின் பதிவு ஏழு இலட்சத்து 21 ஆயிரத்தில் இருந்து ஐந்து இலட்சத்து 29 ஆயிரமாகக் குறைந்தது. ஆகவே, சதவீதங்களை மட்டும் ஒப்பிடாமல் வாக்களித்தோர் தொகையை ஒப்பிடுவதே பொருத்தம். 2010இல் ஒரு இலட்சத்து 85 ஆயிரமாக இருந்த அத்தொகை 2015இல் சுமார் மூன்றரை இலட்சமாகியது. ஐந்தாண்டுகளில் ஏறக்குறைய இரு மடங்கு. மக்கள் அதே மக்கள். தெரிவுதான் வேறு.

2015 ஜனவரியில் மைத்திரிபால சிறிசேனவுக்கும் கடந்த காலம் இல்லாமலில்லை. அவர் ஆட்சியிலிருந்த கட்சியின் பொதுச் செயலாளராக இருந்தவர். போரின் இறுதி நாட்களில் பதில் பாதுகாப்பு அமைச்சராகக் கடமையாற்றியவரும் அவரே. ஆனால், அந்தப் பொறுப்பு மக்கள் மனதில் அவரது முகத்துடன் ஒட்டியிருக்கவில்லை. மஹிந்த ராஜபக்ஷவோ வடக்கில் பிரசாரம் செய்தபோது, அறியாத தேவதையிலும் அறிந்த பேயே மேல் எனத் தம்மைத் தாமே சுட்டிப் பேசினார். அறிந்ததே பிரச்சினை என்பதை அவர் அறியவில்லை போலும். முஸ்லிம் மக்களைப் பொறுத்தவரை 2014 ஜூனில் அளுத்கமையிலும் பேருவளையிலும் நிகழ்ந்த வன்செயல்கள் அப்போதும் ஆறாத புண்ணாக இருந்தன. முஸ்லிம் கட்சித் தலைவர்கள் டிசெம்பர் இறுதியில்தான் அரசாங்கத்தை விட்டு வெளியேறினர். மக்கள் அதற்கு முன்னரே முடிவெடுத்துவிட்டனர் என்பதே அன்று பரவலாகப் பேசப்பட்டது. மட்டக்களப்பில் சிறிசேனவுக்கு 81 சதவீதத்துக்கும் அதிகமாகவும், திருகோணமலையில் 71 சதவீதத்துக்கும் அதிகமாகவும், திகாமடுல்லையில் 65 சதவீதமாகவும் வாக்குகள் கிடைத்தன. தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரோடொருவர் பேசி உடன்படாமலேயே ஒரே திசையில் வாக்களித்தனர்.

2019 நவம்பரில் இவ்வேகம் மேலும் கூடியது. கோட்டாபய ராஜபக்ஷ போர்க்காலப் பாதுகாப்புச் செயலாளர். அவ்வாண்டு ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர் முஸ்லிம் மக்கள் மே மாதத்தில் வன்செயல்களைச் சந்தித்திருந்தனர். யாழ்ப்பாணத்தில் சஜித் பிரேமதாசவுக்கு 83.86 சதவீதமும் கோட்டாபயவுக்கு 6.24 சதவீதமும் கிடைத்தன. சஜித்தின் தந்தையின் ஆட்சியில் இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கியது என்பதை வடக்கு அன்று நினைவுகூரவில்லை. 1990இல் வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழும் முஸ்லிம்கள் வாக்களிப்பதற்காக மன்னாரை நோக்கிப் பஸ் வண்டிகளில் சென்றபோது தந்திரிமலைப் பகுதியில் துப்பாக்கிப் பிரயோகம் நடத்தப்பட்டது. தெய்வாதீனமாக உயிரிழப்பு ஏற்படவில்லை. அவர்கள் திரும்பிச் செல்லவுமில்லை. ஒரு வாக்குக்காக இத்தனை தூரமும் இத்தனை ஆபத்தும் கடந்த மக்களை அரசியலில் ஆர்வமற்றவர்கள் என எவரும் கூறமுடியாது.

ஆனால், தேர்தலில் கோட்டாபய 52.25 சதவீதத்துடன் வென்றார். வடக்கு கிழக்கில் அவரது கணக்கில் பற்றாக எழுதப்பட்ட அதே கடந்த காலம், தென்னிலங்கையில் வரவாக எழுதப்பட்டிருந்தது. நாடு முழுவதும் பதிவான வாக்களிப்பு 83.72 சதவீதம். ஜனாதிபதித் தேர்தல்களில் அதுவே மிக உயர்ந்தது. எம் மக்கள் அஞ்சியது வீண் அச்சமும் அன்று. கொரோனாவால் மரணித்த முஸ்லிம்களின் உடல்கள் 2020 ஏப்ரல் தொடக்கம் 2021 பெப்ரவரி வரை பலவந்தமாகத் தகனம் செய்யப்பட்டன. பின்வந்த அரசாங்கம் 2024 ஜூலையில் அதற்காக மன்னிப்புக் கோரியது. தென்னிலங்கை மக்களும் தமது வரவேட்டை விரைவிலேயே திருத்தி எழுதினர். எரிபொருள் வரிசைகளில் நின்ற மக்களின் எழுச்சியால் 2022 ஜூலையில் கோட்டாபய பதவி விலகினார். 2019இல் 69 இலட்சம் வாக்குகளைப் பெற்ற கட்சியின் வேட்பாளர் நாமல் ராஜபக்ஷவுக்கு 2024இல் கிடைத்தவை மூன்றரை இலட்சத்துக்கும் குறைவு.

2024 செப்டெம்பரில் பிரதான வேட்பாளர் எவரும் எம் மக்களிடம் பேரச்சத்தையும் ஏற்படுத்தவில்லை, பெருநம்பிக்கையையும் ஏற்படுத்தவில்லை. இதனால் வாக்குகள் சிதறின. யாழ்ப்பாணத்தில் சஜித் பிரேமதாசவுக்கு ஒரு இலட்சத்து 21 ஆயிரம், தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரனுக்கு ஒரு இலட்சத்து 16 ஆயிரம், ரணில் விக்கிரமசிங்கவுக்கு 84 ஆயிரம், அநுர குமார திசாநாயக்கவுக்கு 27 ஆயிரம் என அவை பிரிந்தன. அநுரவின் ஜே.வி.பி. 2005இல் சுனாமிப் பொதுக் கட்டமைப்பை எதிர்த்து அரசாங்கத்தை விட்டு விலகிய கட்சி. வடக்கு கிழக்கு இணைப்பு 2006இல் உயர்நீதிமன்றத்தில் செல்லுபடியற்றதானமைக்கும் அக்கட்சி சார்ந்தோரின் மனுக்களே காரணம். இவை மறக்கப்படவில்லை என்பதை அந்த 27 ஆயிரம் காட்டியது. ஆனால், இரண்டு மாதங்கள் கழிவதற்குள் நடைபெற்ற பாராளுமன்றத் தேர்தலில் அதே யாழ்ப்பாணத்தில் தேசிய மக்கள் சக்தி 80 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகளுடன் முதலிடம் பெற்று, ஆறில் மூன்று ஆசனங்களைக் கைப்பற்றியது. அதற்குள் ஜே.வி.பி.யின் வரலாறு மாறிவிடவில்லை. பிளவுபட்டு நின்ற தமிழ்க் கட்சிகளின் அண்மைக்காலமே மக்களுக்குக் கூடுதலாகக் கசந்தது. கடந்த காலம் என்ற அளவுகோல் தென்னிலங்கைத் தலைவர்களுக்கு மட்டும் உரியதன்று என்பதை எம் தலைவர்கள் அன்று உணர்ந்திருப்பர். 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் வடக்கு கிழக்கின் பல சபைகளில் தமிழரசுக் கட்சி மீண்டும் முன்னிலைக்கு வந்தமை, மக்கள் எவருக்கும் நிரந்தரமாகக் கதவைப் பூட்டுவதில்லை என்பதற்குச் சான்றாகும்.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒரு விடயம் தெளிவாகிறது. வேட்பாளரின் பழி தனித்து நின்று வாக்காளரின் ஆர்வத்தைக் குறைப்பதில்லை. இரு வேட்பாளர்களின் பழிகளுக்கும் இடையிலான வித்தியாசமே அதனைத் தீர்மானிக்கிறது. ஒருவர் அச்சத்துக்குரியவராகவும் மற்றவர் அவ்வளவு அச்சத்துக்குரியவரல்லாதவராகவும் தோன்றும்போது மக்கள் திரண்டு வருகின்றனர். 2015உம் 2019உம் அதற்கு உதாரணங்கள். இருவரும் ஒரே பழியைச் சுமக்கும்போது மக்கள் சோர்ந்து ஒதுங்குகின்றனர். அதற்கு 2010 உதாரணம்.

ஆனால், அச்சத்தினால் எழும் ஆர்வத்தில் ஒரு பெருங்குறை உண்டு. ஒருவரைத் தோற்கடிப்பதற்காக அளிக்கப்படும் வாக்கு, வெல்பவரிடம் எதனையும் கேட்பதில்லை. கேட்காத வாக்குக்கு வென்றவர் கடமைப்பட்டவராகத் தம்மைக் கருதுவதுமில்லை. 2015இல் அத்தனை ஆர்வத்துடன் வாக்களித்த மக்கள், காணாமலாக்கப்பட்டோருக்காக வீதியோரங்களில் அமர்ந்த தாய்மாரின் கொட்டகைகளை அதே ஆட்சியின் காலத்திலேயே காண நேர்ந்தது. புதிய அரசியலமைப்பு முயற்சியும் இடைநடுவில் நின்றது. அஷ்ரப் 1988இல் பெற்றுக்கொண்டதுடன் இதனை ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். அங்கு ஆர்வம் குறைவு, பெறுபேறு நிலையானது. இங்கு ஆர்வம் பெரிது, பெறுபேறு சிறிது.

இன்னொரு வழியும் எம் கையில் உள்ளது. அதனை நாம் சரிவரப் பயன்படுத்தவில்லை. ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவர் மூன்று வேட்பாளர்களுக்கு விருப்பு வரிசையில் வாக்களிக்கலாம். எவரும் 50 சதவீதத்தைத் தாண்டாமையால் 2024இல் முதற்தடவையாக அவ்விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டன. முதலிரு இடங்களுக்கு வராதோருக்கு வாக்களித்தவர்கள் 33 இலட்சத்துக்கும் அதிகமானோர். அவர்களிடமிருந்து அநுரவுக்கும் சஜித்துக்கும் சேர்ந்தவை இரண்டு இலட்சத்து 73 ஆயிரம் விருப்பு வாக்குகள் மட்டுமே. நூற்றுக்கு எட்டுப் பேர் என்ற அளவு. மனச்சாட்சிக்கு ஏற்றவருக்கு முதல் விருப்பையும், வெல்லக்கூடியவர்களில் பாதிப்புக் குறைந்தவருக்கு அடுத்த விருப்பையும் அளிக்கச் சட்டம் இடமளிக்கிறது. எதிர்ப்பையும் விவேகத்தையும் ஒரே வாக்குச்சீட்டில் எழுத முடியும் என்பதை வாக்காளருக்கு விளக்குவது கட்சிகளினதும் எம்மைப் போன்ற ஊடகங்களினதும் கடமையாகும்.

கடந்த காலத்தை மறக்கும்படி எம் மக்களிடம் கோரும் உரிமை எவருக்கும் இல்லை. மறப்பது அவர்களால் இயலுவதும் அன்று. ஆனால், நினைவு என்பது வீட்டில் முடங்கியிருப்பதற்கான காரணமாகவோ, ஒருவரை விரட்டுவதற்கான ஆயுதமாகவோ மட்டும் இருந்துவிடக்கூடாது. வேட்பாளர் எமது ஊருக்கு வரும்போது, அவரது பழைய கணக்கை அவர் முன் விரித்து வைத்து, அதில் எந்தக் கடனை எந்தத் திகதிக்குள் தீர்ப்பார் எனக் கேட்டு எழுத்தில் பெறவேண்டும். காணி விடுவிப்பா, காணாமலாக்கப்பட்டோர் பற்றிய பதிலா, மாகாண சபை அதிகாரமா, முஸ்லிம் மக்களின் பாதுகாப்பா, தோட்ட மக்களின் வீட்டுக் காணியா என்பது முதலிலேயே தெளிவாக இருத்தல் வேண்டும். அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2029இல் நடைபெற வேண்டியுள்ளது. அப்போது விண்ணப்பிக்கவிருப்பவர்கள் இன்றே தமது கடந்த காலத்தை எழுதிக்கொண்டிருக்கின்றனர். அதனைக் கவனித்துக் குறித்துவைக்கும் வேலையை நாமும் இன்றே தொடங்குவோமாக.